எந்த போல்ட்டைக் காப்பாற்ற வேண்டும், எதை அறுத்து எறிய வேண்டும்

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்: 2009-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார், சைலன்சர் ஓட்டை விழுந்து டிராக்டர் மாதிரி சத்தம் போடுகிறது, புது சைலன்சரும் நடுப் பைப்பும் வாங்கி வீட்டில் வைத்தாயிற்று, ஆனால் பழையதைக் கழற்றப் போனால் ஒரு போல்ட்டும் அசையவில்லை. டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்துப் பத்து நிமிஷம் காத்திருந்தும் பயனில்லை. ஒரு நட்டு ஸ்பேனரிலேயே உருண்டுவிட்டது. இனி ஸ்பேனரில் நீளமான இரும்புப் பைப்பைச் சொருகி ஏறி மிதிக்கலாமா என்று கேட்கிறார்.

மிதிக்காதீர்கள் தம்பி. கொஞ்சம் பொறுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. மாமா வைத்திருந்த லேத் பட்டறையில் சில வருஷம் நின்றவன், அந்தப் பழக்கத்தில் என் வண்டி வேலையை சேலம் கோரிமேட்டு வீட்டு வாசலில் நானே பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்ட அதே பைப் வித்தையை நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்தேன். என்ஜினிலிருந்து புகையை வாங்கும் வார்ப்பான மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் நட்டு. முதலில் கல் மாதிரி நின்றது, அப்புறம் திடீரென்று ஜவ்வு மிட்டாய் இழுக்கிற மாதிரி மெத்தென்று சுற்ற ஆரம்பித்தது, கழன்றுவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கழன்றிருந்தால் விட்டு விட்டுக் கிரீச்சிட்டுக்கொண்டு வரும். மெத்தென்று வந்தால் ஸ்டட்டின் (தலையில்லாமல் மேனிஃபோல்டில் நிற்கும் போல்ட்) கழுத்து முறுக்கேறி அறுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த கால் சுற்றில் டக். கையில் நட்டும் பாதி ஸ்டட்டும், மேனிஃபோல்டுக்குள் மீதிப் பாதி. பிறகு மேனிஃபோல்டையே இறக்கி, பட்டறைக்குத் தூக்கிப் போய், முறிந்ததைத் துளைத்து, டேப் என்கிற மரைவெட்டியால் மரையைச் சரிசெய்து, மூன்று நாள் வண்டி இல்லாமல் பஸ்ஸில் போனேன். அந்த மெத்தென்ற உணர்வு கைக்கு வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். நிறுத்தினால் பிழைக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போய், பின்னாலிருந்து முன்னால் வரை ஒவ்வொரு போல்ட்டாகப் பாருங்கள். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: இது முறிந்தால் எனக்கு என்ன நஷ்டம்? சைலன்சரும் நடுப் பைப்பும் சேரும் பிளாஞ்சில் (பைப் முனையில் இருக்கும் தட்டையான விளிம்பு) இருப்பது பெரும்பாலும் சாதாரண போல்ட்டும் நட்டும். ஊடுருவிப் போய் அந்தப் பக்கம் நட்டு போட்டது. இது முறிந்தால் புது போல்ட் விலை, அவ்வளவுதான். இதைக் கழற்ற மெனக்கெடுவதே வீண். நடுப் பைப்பும் முன் பைப்பும் சேரும் இடத்தில் ஸ்பிரிங் போட்ட போல்ட் இருக்கலாம், அது எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். நட்டில் என்றால் கவலை இல்லை, பிளாஞ்சிலேயே மரை வெட்டியிருந்தால் கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டும். முன் பைப் மேனிஃபோல்டில் சேரும் இடத்து ஸ்டட்தான் முறியவே கூடாத ஆள். புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரும் அந்த வகை. உங்கள் வேலை சைலன்சரும் நடுப் பைப்பும் மட்டும்தான் என்றால் மேனிஃபோல்டு பக்கம் கையே வைக்காதீர்கள், அங்கே எவ்வளவு துரு இருந்தாலும் சரி. "வந்தது வந்தோம், அதையும் பார்த்துவிடலாம்" என்று கிளம்பித்தான் நான் மூன்று நாள் பஸ்ஸில் போனேன்.

அடியில் போவது என்றதும் இதைச் சொல்லிவிடுகிறேன், இதில் விளையாட்டு வேண்டாம். வண்டியோடு கொடுத்த ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான், அதை நம்பி அடியில் தலையை நீட்டக்கூடாது. ஹாலோ பிளாக் கல்லும் வேண்டாம். அது எச்சரிக்கை கொடுக்காமல் ஒரே நொடியில் பொடிந்துவிடும். இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஏற்காட்டில் சமதளமாக ஒரு வாசல் கிடைப்பது பெரிய விஷயம் என்று தெரியும், உங்கள் வாசல் சரிவு என்றால் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டு சிமென்ட் தரையைத் தேடுங்கள். வண்டியில் மலை இறங்கும்போது இன்னொன்று. முன்பக்கம் எங்காவது ஓட்டை இருந்தால் புகை உள்ளே வரும். பனிக்குப் பயந்து கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இவ்வளவு ஏன் இறுகுகிறது? துரு ஆனபின் இரும்பு தான் முன்பு இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கிறது. மரைக்கும் மரைக்கும் நடுவில் இருந்த மெல்லிய சந்தில் அது உப்பி, ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. சைலன்சர் சூடாகிறது, ஆறுகிறது, மழைத் தண்ணீரில் நனைகிறது, மறுபடி சூடாகிறது. இதற்கு மேல் உள்ளேயிருந்தும் தண்ணீர் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகவே போய்விடும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில், குளிரில், வீட்டிலிருந்து ஏரி வரை, ஏரியிலிருந்து மார்க்கெட் வரை என்று சின்னச் சின்னதாக ஓடும் வண்டியில் சைலன்சர் முழுக்கச் சூடாவதே இல்லை, ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கி அடிப்பக்கத்தைத் தின்கிறது. பழைய சைலன்சரைக் கழற்றியதும் ஆட்டிப் பாருங்கள், சளக் சளக் என்று சத்தம் கேட்டாலும் ஆச்சரியம் இல்லை. "பைப் எவர்சில்வர்தானே, துருப்பிடிக்காதே" என்று கேட்பவர்கள் உண்டு, இரும்பாலை இருக்கும் ஊர்க்காரர்கள் கேட்கக்கூடிய கேள்விதான். பல கார்களின் சைலன்சர் பைப் 11 சதவீதம் அளவுக்குக் குரோமியம் சேர்ந்த மலிவு வகை, காந்தம் ஒட்டும், மேலே பழுப்பாகும், ஆனால் சீக்கிரம் ஓட்டையாகாது. அதில் மாட்டும் போல்ட் பெரும்பாலும் சாதாரண இரும்பு. அதுதான் முதலில் போகும்.

சரி, காப்பாற்ற வேண்டிய போல்ட்டுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் வியாழக்கிழமை சாயங்காலமே ஆரம்பியுங்கள். முதலில் கம்பி பிரஷ். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை நன்றாகத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நட்டு கழன்று வர வேண்டிய பாதையே அதுதான், அதில் துருப் பொருக்கு இருந்தால் உள்ளே பிடி விட்ட நட்டுகூட அங்கே வந்து மறுபடி சிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மல்லாந்து படுத்துக்கொண்டு தேய்க்கும்போது துருத்தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

அப்புறம் எண்ணெய். டபிள்யூடி-40 கெட்டது என்று சொல்லவில்லை. 1953-இல் அமெரிக்காவில் தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்தது அது, 40-வது முயற்சியில் சரியாக வந்ததால் அந்தப் பெயர். ஆனால் துருவுக்குள் ஊர்ந்து போவதற்கென்றே தனியாக ஸ்பிரே விற்கிறார்கள், ஹார்டுவேர் கடையில் "ரஸ்ட் ரிமூவர் ஸ்பிரே" என்று கேட்டால் தருவார்கள். கிடைக்காவிட்டால் பட்டறைக்காரர்கள் காலம் காலமாக ஊற்றும் மண்ணெண்ணெயோ டீசலோ கொஞ்சம் எண்ணெய் கலந்து ஊற்றலாம். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் காருக்கு ஊற்றும் கியர் எண்ணெயும் (ஏடிஎஃப்) பாதிக்குப் பாதி கலக்கும் வழியும் உண்டு, நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இரண்டும் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். எந்த எண்ணெய் என்பதைவிட எத்தனை முறை, எத்தனை நாள் என்பதுதான் முக்கியம். வியாழன் ராத்திரி, வெள்ளி காலை, வெள்ளி ராத்திரி, சனி காலை, சனி ராத்திரி என்று ஐந்து முறை ஊற்றினால், ஒரே தடவையில் டப்பா முழுக்கக் காலி செய்ததைவிட நன்றாக இறங்கும். நடுவில் வண்டியை ஓட்டுங்கள், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவது எண்ணெயை உள்ளே இழுக்கும். அடுத்த தடவை ஊற்றும்போது சைலன்சர் கை வைக்கிற சூட்டில் இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். கொதிக்கும் இரும்பில் ஊற்றினால் புகைந்து போய்விடும், தீயும் பிடிக்கலாம்.

ஒவ்வொரு முறையும் ஊற்றியபின் சின்னச் சுத்தியலால் நட்டின் பக்கங்களில் தட்டுங்கள். அடிக்கக் கூடாது, தட்ட வேண்டும், பூட்டுக்காரர் பூட்டைத் தட்டுகிற மாதிரி இருபது முப்பது தட்டு. மரைக்குள் இருக்கும் துரு நொறுங்கினால்தான் எண்ணெய்க்கு வழி. மரையின் நுனியில் நேராக அடித்து அதை மழுக்கிவிடாதீர்கள், அப்புறம் நட்டு வெளியே வராது.

ஞாயிறு காலை ஸ்பேனர். இரண்டு பக்கமும் திறந்த வாய் உள்ள ஸ்பேனரை ஓரமாக வையுங்கள், அது இரண்டு முகத்தை மட்டும்தான் பிடிக்கும், உங்கள் நட்டு உருண்டதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். ஆறு முனை உள்ள சாக்கெட் வேண்டும். செட்டில் வரும் பன்னிரண்டு முனை சாக்கெட் மூலையை மட்டும் பிடிக்கும், துருப்பிடித்த நட்டில் மூலைதான் முதலில் போயிருக்கும். அளவையும் கவனியுங்கள். ஜப்பான் வழி வந்த கார்களில் எம்8 போல்ட்டுக்கு (மரை 8 மில்லிமீட்டர் பருமன்) 12 ஸ்பேனர், எம்10-க்கு 14. கடையில் தனியாக வாங்கிய சாதாரண போல்ட்டில் அதே எம்8-க்கு 13, எம்10-க்கு 17. யாராவது முன்பு மாற்றியிருந்தால் ஒரே பிளாஞ்சில் இரண்டு அளவும் இருக்கும், 12 நட்டில் 13-ஐப் போட்டு முறுக்கினால் உருளாமல் என்ன செய்யும்.

முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு தம் கொடுங்கள். ஆமாம், இறுக்கும் பக்கம்தான். நூலளவு அசைந்தால் போதும், துருப் பிடி உடையும். அப்புறம் கழற்றும் பக்கம். கால் சுற்று வந்ததும் நின்று, எண்ணெய் விட்டு, மறுபடி இறுக்கி, மறுபடி கழற்றி, கிணற்றில் வாளி இறைக்கிற மாதிரி முன்னும் பின்னும் போக வேண்டும். கிரீச்சென்ற சத்தம் வந்தால் நல்லது. ஒரே மூச்சில் கழற்றப் பார்த்தால் நொறுங்கிய துரு முன்னால் சேர்ந்து மறுபடி இறுகும், பாதி வழியில் முறியும். பைப் சொருகலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கையால், நிதானமாக, எதிர்ப்பை உணர்கிற மாதிரி. காலால் மிதித்தால் அந்த மெத்தென்ற உணர்வு உங்களுக்குத் தெரியாது.

இதற்கும் வராவிட்டால் சூடு. நம் ஊர் வண்டிப்பட்டறையில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பட்டையை நெருப்பில் காய்ச்சினால் விரியும், அப்படியே சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் கவ்விக்கொள்ளும். இங்கே விரிகிற பாதி மட்டும் நமக்குத் தேவை. போல்ட்டைச் சுட்டால் அதுவும் பருத்து இன்னும் இறுகும், அதனால் நட்டைச் சுட வேண்டும், சீக்கிரமாக, போல்ட்டுக்குச் சூடு போவதற்குள். 10 மில்லிமீட்டர் துளை 500 டிகிரி சூட்டில் விரிவது 0.06 மில்லிமீட்டர்தான், ஒரு தலைமுடிப் பருமன். அது போதும், துருவின் பிடி விட்டுப்போகும். சமையலறையில் கிரீமைக் கருக்கும் சின்ன பர்னர் எம்10 நட்டுக்குப் பத்தாது, கனமான பிளாஞ்சு சூட்டை இழுத்துக்கொள்ளும். கேஸ் வெல்டிங் வைத்திருப்பவரிடம் போனால் அரை நிமிஷ வேலை. வீட்டில் செய்வதானால் நட்டை நன்றாகச் சூடாக்கி, சிவக்க விடாமல், சாதாரண மெழுகுவர்த்தியை அதன் விளிம்பில் தொடுங்கள். உருகிய மெழுகு மரைக்குள் உறிஞ்சிக்கொண்டு போவது கண்ணுக்கே தெரியும். கொஞ்சம் ஆறியதும் முறுக்கிப் பாருங்கள். எனக்கு எண்ணெய் கைவிட்ட இரண்டு இடத்தில் மெழுகு கைகொடுத்திருக்கிறது.

ஆனால் எங்கே நெருப்பு வைக்கிறோம் என்று பாருங்கள். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப், பிரேக் பைப், அடியில் பூசிய தார், ரப்பர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மூன்று நாளாக ஊற்றிய எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் நெருப்பு. பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இடத்தில் நெருப்பே கூடாது, சில வகையில் குளோரின் இருக்கும், சுட்டால் வரும் புகை நுரையீரலைக் கெடுக்கும். கேஸ் கிட் வைத்த வண்டியென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

இப்போது உருண்டுபோன உங்கள் நட்டு. அது பின் பிளாஞ்சில் இருக்கிறது என்று புரிந்துகொள்கிறேன், அப்படியானால் அதன்மேல் பாசம் வேண்டாம். ஒரு அளவு சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றிப் பாருங்கள். 14 நட்டு துருத் தின்றுபோயிருந்தால் 13 ஏறும். 13 நட்டுக்கு அரை அங்குல சாக்கெட் ஒன்று இருந்தால் அருமை, அது 12.7 மில்லிமீட்டர். அதுவும் வழுக்கினால், ஊடுருவிய போல்ட்தானே, கழற்றும் பக்கம் வராததை இறுக்கும் பக்கமே முறுக்கி முறித்துவிடலாம், எம்8 ஒரு பைப்புக்குத் தாங்காது. ஏறி மிதிக்கும் ஆசையை இந்த ஒரு இடத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கிரைண்டரால் நட்டின் ஒரு முகத்தை போல்ட்டுக்கு இணையாக, மரையைத் தொடாமல் கீறி, அந்தக் கீறலில் உளியை வைத்து ஓர் அடி, நட்டு வாயைத் திறந்துகொள்ளும். டேங்குக்குப் பக்கத்தில் கிரைண்டர் பொறி பறக்கக் கூடாது, அங்கே ஹாக்ஸா பிளேடுதான், கை வலித்தாலும் பரவாயில்லை. நெருப்போ கிரைண்டரோ, எடுப்பதற்கு முன் ஈரச் சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும், பெட்ரோலுக்குத் தண்ணீர் ஆகாது என்பதால் மணல் ஒரு வாளியும். இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. பழைய பைப் இரண்டும் குப்பைக்குத்தானே போகிறது, பிளாஞ்சோடு ஏன் சண்டை, பைப்பையே நடுவில் அறுத்துத் துண்டு துண்டாக இறக்குங்கள். முன் பைப்பில் நிற்கும் பிளாஞ்சு மட்டும் சேதமாகாமல் இருந்தால் போதும்.

ஸ்டட் முறிந்தே போனால்? வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், அந்தச் சூட்டிலேயே பாதிப் பிடி விட்டுவிடும், நட்டோடு சேர்ந்து கழன்று வரும். உள்ளே மட்டமாக முறிந்திருந்தால் நீங்களே துளைக்கப் போகாதீர்கள். கை டிரில் ஓரமாகச் சறுக்கி மிருதுவான பக்கத்தைத் தின்றுவிடும். முறிந்ததை எடுக்க ஈஸி அவுட் என்று விற்கும் அந்தக் கூம்பு உள்ளே முறிந்தால் அது டிரில் பிட்டைவிடக் கடினம், அப்புறம் லேத்காரரும் கை விரிப்பார். நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

ஆக்சிஜன் சென்சாரைக் கழற்ற வேண்டி வந்தால் 22 ஸ்பேனர், ஒயர் போவதற்கு வெட்டு உள்ள தனி சாக்கெட் கிடைக்கும். இதை மட்டும் என்ஜின் ஓடிக் கொஞ்சம் சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை உரியாமல் வரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சென்சார் முனையில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: உங்கள் வண்டியில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெரும்பாலும் என்ஜினை ஒட்டியே இருக்கும், அந்தப் பக்கத்து வேலையை வாசலில் ஆரம்பிக்காதீர்கள்.

சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பரைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் போதும், வழுக்கிக்கொண்டு வரும். எண்ணெய் ஊற்றினால் ரப்பர் ஊதிப்போகும். பழைய ரப்பரில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள், அது அறுந்தால் புது சைலன்சரின் பாரம் முழுக்க பிளாஞ்சில் தொங்கும்.

மாட்டும்போது பழைய நட்டு போல்ட் ஒன்றைக்கூட திரும்பப் போடாதீர்கள், இணைப்பு கசியாமல் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டும் புதியது. எவர்சில்வர் போல்ட் போட்டால் துருவே பிடிக்காது என்று கடையில் ஆசை காட்டுவார்கள். எவர்சில்வர் மரையும் எவர்சில்வர் மரையும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றவைத்த மாதிரி ஆகிவிடும், துருவைவிட அது மோசம். பலத்தைக் குறிக்கும் 8.8 என்று தலையில் எழுதிய முலாம் பூசிய போல்ட், கிடைத்தால் செம்பு முலாம் நட்டு, மரை இறுகிப்போகாமல் தடுக்கும் செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பசை மரையில் ஒரு பூச்சு. முதலில் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, பைப் எங்கும் இடிக்காமல் தொங்குகிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு, முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டு வாருங்கள். டார்க் ஸ்பேனரில் வைக்கும் முறுக்கு அளவு எம்8 என்றால் 20-25 நியூட்டன் மீட்டர், எம்10 என்றால் 40-50 என்பது பொதுவான அளவு. பசை பூசிய மரைக்குக் குறைந்த பக்கமே போதும், உங்கள் வண்டி மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள்.

ஸ்டார்ட் செய்வது திறந்த வெளியில். பின் வாயைத் தடித்த துணியால் ஒரு நொடி அடைத்தால் எந்த இணைப்பில் கசிவு இருந்தாலும் புஸ்ஸென்று கேட்கும். அப்புறம் ஒரு முறை அடிவாரம் வரை இறங்கி ஏறுங்கள், ராத்திரி முழுக்க ஆற விடுங்கள், காலையில் ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், புது கேஸ்கெட் அமுங்கியதால் ஒன்றிரண்டு கால் சுற்று வரும்.